பதினான்காம் கட்டத்தில் ஒரு திருத்தம்

அன்று காலை முதியோர் நல்வாழ்வு நிலையத்தின் முதல் கவுண்டரில் இருந்தவர்கள்: நான், என் தங்கை, கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கும் அவள் மகள், கவுண்டருக்கு உள்ளே ஒரு எழுத்தர், எனக்குப் பின்னால், என் பிடரியில் மூச்சு விட்டபடி, முழங்கால் வலிக்காக வந்திருந்த ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். என் தங்கையை மட்டும் இரண்டு முறை எழுத வேண்டும். ஒருத்தி நாற்காலியில் இருந்தாள், இன்னொருத்தி சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியில் இருந்தாள். அதைப் பின்னால் விளக்குகிறேன்.

இருந்தவர்களின் விவரத்தோடுதான் தொடங்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. நானாக இப்படித் தொடங்கியிருக்க மாட்டேன். முப்பத்தாறு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். பாடப்புத்தகமானாலும் மரண அறிவிப்பானாலும் என் மேசையைத் தாண்டித்தான் எந்திரத்துக்குப் போகும். ஓர் ஒற்றுகூடத் தப்பியதில்லை. எங்கள் குடும்பத்தைப் பற்றியும் அப்படித்தான் பேச்சு: ஒப்புக்குக்கூட ஒரு குறை சொல்ல முடியாத குடும்பம். அந்தப் பேச்சைக் கட்டிக் காத்தவனும் நான்தான்.

தங்கைக்கு அறுபத்தேழு வயது. என்னைவிட ஒன்பது வயது இளையவள். இருபத்தெட்டு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். அவள் குரலில் கேட்டால் பேருந்து இரண்டு மணி நேரம் தாமதம் என்ற செய்திகூட நல்ல செய்தி போல இருக்கும் என்பார்கள். கணவர் போனபின் என் வீட்டின் மாடியில்தான் இருக்கிறாள்.

ஒன்றரை வருடமாக அவள் மெதுவாகிக்கொண்டே வந்தாள். குளிக்கப் போனால் ஒரு மணி நேரம். தட்டில் கையை வைத்தபடியே தூங்கிவிடுவாள். நாங்கள் மின்விசிறியைச் சுழலவிட்டு வியர்த்துக்கொண்டிருக்கும்போது அவள் ஸ்வெட்டரின் மேல் ஸ்வெட்டர் போட்டிருப்பாள். முகம் ஊதியது. தலைமுடி சீப்போடு வந்தது. அந்தக் குரல், கரகரவென்று, இரும்புக் கட்டிலை இழுப்பது போல ஆயிற்று. எழுதக் கூச்சமான வயிற்றுத் தொந்தரவும் ஒன்று உண்டு.

முதலில் கவனித்தவள் அவள் மகள்தான்.

"மாமா, அம்மாவோட புருவம் பாதியில நின்னுடுது. கண்ணாடி ஃபிரேமுக்கு வெளிய ஒரு முடி இல்ல. நான் தினமும் நூறு முகம் பாக்கிறவ. இது சாதாரணம் இல்ல."

"நம்ம குடும்பத்துப் புருவமே அப்படித்தான்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்படிக் காது வரைக்கும் போகுது?"

அவள் நாக்கு அப்படி. அதற்குப் பயந்துதான் நிலையத்துக்குப் போனோம். வேறெங்கும் போகவும் முடியாது. அறுபத்தைந்து கடந்தவரின் இரத்தத்தை நிலையத்தின் சீட்டு இல்லாமல் எந்தச் சோதனைக் கூடமும் தொடாது.

வாசலில், ஆள் உயர எழுத்தில், 'முதுமை நோயல்ல' என்று எழுதியிருந்தார்கள். நல்ல வாக்கியம். பிழையில்லாமல் இருந்தது. உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில்தான் அதன் பொருள் புரிந்தது. முதியவர் எந்தக் குறையோடு வந்தாலும் அதன் காரணம் முதுமை; முதுமையோ நோயல்ல; ஆகவே வந்தவருக்கு நோயில்லை.

எழுத்தர் பத்திரத்தை நீட்டினார். இருபது கட்டங்கள். பதின்மூன்று வரை தடங்கலில்லை.

"பதினாலு. குடும்பத்துல யாருக்காச்சும் கழுத்துக் கட்டி, தைராய்டு, அந்த மாதிரி உண்டா? பதினஞ்சு. தாயாரோட தொழில் இல்லன்னா திறமை."

பதினான்கில் 'இல்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். பதினைந்தில் 'பாடகி' என்று எழுதினேன். இந்த இரண்டு பதில்களையும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"அட, பாட்டுக்கார அம்மாவா!" என்றார் பின்னால் நின்ற லாரி ஓட்டுநர், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. "கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்க பெரியவரே. எனக்கு முட்டி நிக்க மாட்டேங்குது."

நிலையத்தில் ஒரு சீட்டுக்கு ஒரு குறை. தங்கைக்கு ஐந்து சீட்டு கொடுத்தார்கள். குளிருக்கு ஓர் அறை, வயிற்றுக்கு ஓர் அறை, மெதுவாக நடப்பதற்கு ஓர் அறை, குரலுக்கு ஓர் அறை, மறதிக்கு ஓர் அறை. மறதி இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஐந்து சீட்டு வாங்கினால் ஒன்று அதற்குத் தானாகவே போய்விடுமாம். ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும் அறை எது என்று தங்கையின் மகள் கேட்டாள். "சேர்த்துப் பார்த்தா குழப்பம் வரும்மா" என்றார் எழுத்தர், பரிவோடு.

அறைக்குள் கூப்பிடுவது ஒலிபெருக்கி. கூப்பிட்டு நாற்பது நொடிக்குள் கதவருகே இருக்க வேண்டும்; இல்லையேல் 'வரவில்லை' என்று குறித்துவிடுவார்கள். "எண் நாற்பத்தொன்று. அறை இரண்டு" என்றது ஒலிபெருக்கி. வெண்கல மணி போன்ற குரல். நாங்கள் மூவரும் நிமிர்ந்து பார்த்தோம். முப்பது வருடத்துக்கு முன் பேருந்து நிலையத்தில் எடுத்த பதிவிலிருந்து எண்களை நிலையம் வாங்கியிருக்கிறது. அது என் தங்கையின் குரல்.

"அம்மா, நீங்கதான் உங்களைக் கூப்பிடுறீங்க. எழுந்திரிங்க."

"இரு" என்றாள் தங்கை, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு. "அவ எப்பவுமே அவசரப்படுவா."

மூன்று முறை அவள் அவளைக் கூப்பிட்டாள். மூன்று முறையும் இவள் போய்ச் சேர்வதற்குள் கதவில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. நான்காம் முறை, கூப்பிடுவதற்கு முன்பே கதவருகே கொண்டுபோய் நிறுத்தினோம். வரிசையை மீறுவதாக ஒரு காவலாளி எங்களைக் கண்டித்தார். ஆனால் உள்ளே விட்டார்கள்.

குளிர் அறையின் அதிகாரிக்குத் தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும் மேசைமேல் ஒன்றும் சுழன்றன.

"குளிருதுன்னு சொல்றது நீங்களாம்மா? சரி, தனி மனுஷர் சொல்றத வெச்சு நாங்க முடிவெடுக்கிறதில்ல." அறையிலிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "இங்க யாருக்கெல்லாம் குளிருது? கையத் தூக்குங்க."

தங்கை கையைத் தூக்கத் தொடங்கினாள். அது தோள் உயரம் வருவதற்குள் அவர் எண்ணி முடித்துவிட்டார்.

"யாருக்கும் இல்ல. ஒருமனதா முடிவாயிடுச்சு." சீட்டில் 'வயதுக்கு உரியது' என்று முத்திரை விழுந்தது.

வயிற்று அறையில் இருந்தவர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். வாரத்துக்கு ஒரு முறைதான் என்று தங்கையின் மகள் தணிந்த குரலில் சொன்னாள். "வாரா வாரம் தவறாம நடக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "அப்ப ஒழுங்கா இருக்குன்னுதான அர்த்தம்?" முத்திரை.

நடை அறையில் தரையில் இரண்டு மஞ்சள் கோடுகள். ஒன்றிலிருந்து மற்றதற்கு நடக்க வேண்டும். தங்கை நடக்கத் தொடங்கினாள். பாதி வழியில் சாப்பாட்டு வேளை வந்தது. நேரக் கருவியை நிறுத்தி வைத்துவிட்டு அதிகாரி சாப்பிடப் போனார். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது தங்கை இரண்டாம் கோட்டின் மேல் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். 'இலக்கை எளிதில் அடைந்தார்' என்று எழுதி முத்திரையிட்டார்.

குரல் அறையில்தான் விஷயம் முற்றியது.

"குரல் முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்றார் அந்த மருத்துவர்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி, "எண் ஐம்பத்தெட்டு. அறை ஆறு" என்றது.

"அதோ, அப்படி இருந்துச்சு" என்றாள் தங்கையின் மகள்.

"அது மெஷின்மா."

"அந்த மெஷின்தான் டாக்டர் எங்கம்மா."

மருத்துவர் பேனாவை மூடினார். தங்கையிடம் குனிந்து, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார்: "நீங்க சொல்லுங்கம்மா. சுவத்துல பேசுறது யாரு?"

"நான்தான்" என்றாள் தங்கை, இரும்புக் கட்டில் குரலில்.

அவர் எழுதியதை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். அச்சகப் பழக்கம். 'சுவரிலுள்ள கருவியைத் தானே என்கிறார். மகளும் உடன்படுகிறார். மறதி அறைக்கு அவசரம்.' அதன் மேல் நான்காம் முத்திரை.

மறதி அறைக்குப் போகும் வழியில் எட்டாம் அறை இருக்கிறது. அங்கே இரத்தம் எடுக்கும் பெண் ஒருத்தி வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அடுக்கடுக்காகக் காலிக் குழாய்கள். எங்களைக் கடந்துபோக விடாமல் எழுந்து வந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். புருவத்தின் முனையைத் தொட்டாள். புறங்கையைத் தடவினாள். மணிக்கட்டைப் பிடித்துத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாடி நாற்பத்தெட்டுதான் ஓடுது. தோல் மரப்பட்டை மாதிரி இருக்கு. இவங்களுக்குத் தைராய்டு பாத்தீங்களா?"

"வயசுன்னு நாலு முத்திரை வாங்கியாச்சு" என்றாள் தங்கையின் மகள்.

"வயசும் இதுவும் பாக்க ஒன்னு போலத்தாம்மா இருக்கும். அதனாலதான் தப்பிப்போகுது. கழுத்துல ஒரு சுரப்பி சோம்பிப்போனா உடம்பு மொத்தமும் சோம்பிடும். ஒரு ஊசி ரத்தம் போதும், தெரிஞ்சிடும். இருந்தா தினமும் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். பத்திரத்தைக் காட்டுங்க." வாங்கிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "பதினாலுல ஆமான்னு இருந்தாத்தான் குழாய்ல ஒட்டுற சீட்டு அச்சாகும். இங்க இல்லைன்னு இருக்கு. ரெண்டு கோடு வேற போட்டிருக்கு. ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வீட்டுல யாருக்குமே இல்லையா? உங்க அம்மாவுக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முழங்கால் லாரி ஓட்டுநரும் பக்கத்துப் பெஞ்சிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் அம்மா தொண்டையைச் சுற்றி எப்போதும் ஒரு துண்டைச் சுற்றியிருப்பார். வெயிலிலும் எடுக்கமாட்டார். அதற்கு அடியில் ஒரு நார்த்தங்காய் அளவு கட்டி. கடைசி வருடங்களில் அவரும் இப்படித்தான், குளிர்ந்துபோய், ஊதிப்போய், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினார். அவர் போனபோது எனக்குப் பதினாறு வயது, தங்கைக்கு ஏழு. பிறகு தங்கைக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் சுவரிலிருந்த படத்தைப் பார்த்து, "அம்மா ஏன் கழுத்தை மூடியிருக்காங்க?" என்று கேட்டார்கள். "பாடுவாங்க. குரலுக்குக் காவலாத் துண்டு கட்டுவாங்க" என்று சொன்னவன் நான். கழுத்து நோய்க் குடும்பம் என்று ஒரு சொல் விழுந்தால் அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? கல்யாணம் நடந்தது. பேச்சு வளர்ந்தது. தங்கைக்கு அறிவிப்பாளர் வேலை கிடைத்தபோது, "அம்மாவோட குரல் அப்படியே வந்திருக்கு" என்று தெருவே சொல்லிற்று. இப்போது தங்கையின் பேத்திக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"யாருக்கும் இல்லை" என்றேன்.

"ஒரே ஒரு கோடு போட்டிருந்தாக்கூட நான் தைரியமா எடுத்திருப்பேன்" என்றாள் அந்தப் பெண்.

மறதி அறையில் பன்னிரண்டு கேள்விகள். தங்கைக்கு ஒவ்வொரு விடையும் மெதுவாக வந்தது, ஆனால் வந்தது. கிழமை சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தாள். மூன்று பொருளைக் காட்டி ஒளித்துவைத்தார்கள், மூன்றையும் சொன்னாள். சும்மா இருக்கட்டும் என்று, காலை முதல் பேருந்திலிருந்து கடைசிப் பேருந்து வரை நேரங்களையும் சொல்லத் தொடங்கினாள். அதிகாரி கையமர்த்தினார்.

"கடைசிக் கேள்வி. ஒவ்வொருத்தரோட குடும்ப விவரத்துலேர்ந்து எடுத்துக் கேப்போம். மனசோட அடி ஆழத்துல இருக்கிறது. மத்த பதினொன்னுக்கும் சேத்து என்ன மதிப்போ, இது ஒன்னுக்கு அதே மதிப்பு." பத்திரத்தின் பதினைந்தாம் கட்டத்தில் விரலை வைத்தார். "உங்க அம்மா பாடகின்னு போட்டிருக்கு. அவங்க பாடின பாட்டுல ஒரு வரி சொல்லுங்க. பாட வேணாம். சொன்னாப் போதும்."

தங்கை கண்ணை மூடினாள். அதிகாரி காத்திருந்தார். அன்று அந்த நிலையத்தில் அவளுக்காக நாற்பது நொடிக்கு மேல் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் பதிவு செய்கிறேன். அவள் உதடு அசைந்தது. நெற்றி சுருங்கியது. கண்ணின் ஓரத்தில் நீர் வந்தது.

நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"வரலை" என்றாள்.

ஐந்தாவது முத்திரை விழுந்தது. ஐந்து முத்திரை சேர்ந்தால் 'முதுமை உறுதிச் சான்று' தருவார்கள். அதன்பின் அந்த நபரின் பெயரில் எந்தக் குறையும் பதிய முடியாது; காரணம் தெரிந்துவிட்டதல்லவா? அன்று மாலையே கூடத்தில் விழா. லேமினேட் செய்த சான்று, கைதட்டல், படம். நிலையத் தலைவர் பேசினார்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்த நிலையத்துல வருஷத்துக்கு முந்நூறு பேருக்கு நோய் கண்டுபிடிச்சாங்க. வெக்கக்கேடு! முந்நூறு குடும்பம் அழுதுகிட்டு வீட்டுக்குப் போச்சு. நான் பொறுப்பெடுத்தேன். மறு வருஷம் நூத்திப் பத்து. போன வருஷம் ஏழு. இந்த வருஷம் இன்னி வரைக்கும் ஒன்னு கூட இல்ல! எப்படிச் சாதிச்சீங்கன்னு வெளியிலேர்ந்து வந்து கேக்கிறாங்க. ரகசியம் ஒன்னுமில்ல. வர்ற ஆளுங்க அதே மாதிரி ஆளுங்கதான். தேடினாத்தான கெடைக்கும்? ஊசிய எடுத்து உள்ள வெச்சோம், அவ்வளவுதான். ஊர் ஆரோக்கியமாயிடுச்சு."

பலத்த கைதட்டல். எட்டாம் அறைப் பெண் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். லாரி ஓட்டுநருக்கும் சான்று கிடைத்தது. மேடையேற அவரை இரண்டு பேர் தூக்கினார்கள். என் தங்கையின் முறை வந்தபோது அவள் பெயருக்குப் பதில் எண்ணைத்தான் கூப்பிட்டார்கள், அவள் குரலிலேயே. அவள் மேடையை அடைவதற்குள் படம் எடுப்பவர் கிளம்பிவிட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மகள் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். தங்கை, முதுகில் காற்று படாமலிருக்க, அந்தச் சான்றைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா."

"என்னம்மா?"

"எல்லாம் மெதுவாத்தான் வருது. ஆனா வந்துடுது. அம்மாவோட பாட்டு மட்டும் வரவே இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒரு பஸ் நேரத்தைக்கூட இன்னும் மறக்கல நான். பெத்தவ பாடினதப் போய் மறந்துட்டேனே. நீங்க பெரியவர், உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு வரி சொல்லுங்களேன். கேட்டா ஞாபகம் வந்தாலும் வரும்."

எனக்கு எழுபத்தாறு வயது. யாரிடமும் தலை குனிந்ததில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து உள்ளே போனேன்.

நிலையத் தலைவர் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பதினான்கையும் பதினைந்தையும் திருத்த வேண்டும் என்றேன்.

"பூர்த்தி செஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள திருத்தலாம். அதுக்கப்புறம்னா சம்பந்தப்பட்டவங்க நேர்ல வரணும். அதாவது உங்க அம்மா."

"அம்மா போய் அறுபது வருஷமாச்சு."

"வர இயலாதவங்களுக்கும் விதி இருக்கு. நாங்க மனசாட்சி இல்லாதவங்க இல்ல." புத்தகத்தைப் புரட்டினார். "ஊரறியச் சொன்ன விஷயம்னா ஊரறியத்தான் திருத்தணும். அச்சுல வரணும். பிழை நடந்த எடத்துல யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல எழுதணும். கடைசியா, எந்தப் பேச்சு தப்போ அதை நேரடியாத் திருத்தணும். அலங்காரம் கூடாது. வந்ததும் அடுத்த கூட்டத்துல வெப்போம்."

"அடுத்த கூட்டம் எப்போ?"

"கூட்டம் முடிஞ்சதும் தெரிவிப்போம்."

"அதுவரைக்கும் அவ உடம்பு?"

"அவங்களுக்குத்தான் ஒன்னும் இல்லைன்னு சான்று கொடுத்திருக்கோமே!"

இதுவரை எழுதியதில் பிழை ஏதும் இல்லை என்று மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இது அச்சாகி வந்ததும் எட்டாம் அறைப் பெண்ணிடம் ஒரு படி கொடுப்பேன். அவள் குழாயை எடுத்துத் தனியாக வைத்திருப்பதாகச் சொன்னாள். தங்கை மாடியில் மூன்று ஸ்வெட்டருக்குள் தூங்குகிறாள். படிப்படியாகத் தூக்கம்தான் கூடுகிறது. அவள் விழித்திருக்கும் நேரம் பார்த்து இதைப் படித்துக் காட்டும்படி அவள் மகளிடம் சொல்லியிருக்கிறேன். கடைசி வரிகளை அவசரப்படாமல் படிக்க வேண்டும்.

எங்கள் அம்மா பாடகி என்றும், குரலைக் காக்கவே கழுத்தில் துண்டு கட்டியிருந்தார் என்றும் இந்த ஊரில் நாற்பத்தைந்து வருடமாக ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. துண்டுக்கு அடியில் கட்டி இருந்தது. அம்மா ஒரு நாளும் ஒரு வரியும் பாடியதில்லை. என் தங்கை எதையும் மறக்கவில்லை.